நாய் ஆண்டில் பிறந்தவர் யார்?

ஆகஸ்ட் 6

நவம்பர் 10 வேண்டாமாம். மாப்பிள்ளையின் அம்மா, மக் அம்மாள், போன் செய்தார். "பஞ்சாங்கம் பாத்தேன், அன்னைக்குச் சரிப்படல." விருந்துக் கூடம் காலியாக இருப்பதே நாலு நாள்தான்.

ஆகஸ்ட் 9

நவம்பர் 22-உம் வேண்டாமாம்.

ஆகஸ்ட் 14

டிசம்பர் 28-ஐயும் தட்டிவிட்டார். என் மகள் யூக் லின் கவலைப்படவே இல்லை. "அவங்களே பாத்துச் சொல்லட்டும்மா" என்கிறாள். முப்பது வயதாகிறது இவளுக்கு. அந்த அம்மாளுக்கு என் மகளைப் பிடிக்கவில்லை, வேறென்ன? நேரே சொல்ல மனமில்லாமல் பஞ்சாங்கத்தை முன்னால் தள்ளுகிறார்.

ஆகஸ்ட் 15

என் தையல் கடையில் கூட்டமில்லை. வீட்டுக்கு வந்து எங்கள் சீனப் பஞ்சாங்கத்தை இறக்கிப் பார்த்தேன். மூன்றுமே கல்யாணத்துக்கு உகந்த நாட்கள். ஆனால் மூன்றுக்கும் கீழே ஒரே குறிப்பு: நாய் ஆண்டில் பிறந்தவர்களுக்கு ஆகாது.

பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில் எங்கள் இரு வீட்டிலும் யார் நாய்? என் மகள் பன்றி. மாப்பிள்ளை சி ஹாங் ஆடு. மக் அம்மாள் எலி. அவர் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளை. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நாய் இல்லை.

நாய் ஆண்டு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. நாய் என்றால் ஏழு வயது. பத்தொன்பது. முப்பத்தொன்று. நாற்பத்து மூன்று.

ஏழு வயது — சி ஹாங்குக்கு முப்பத்து நாலு. எங்கேயாவது ஒரு பிள்ளையை மறைத்து வைத்திருக்கிறானோ? கணக்கு சரியாகத்தானே வருகிறது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று பேப்பரைப் புரட்டினார்.

ஆகஸ்ட் 18

ஞாயிறு. வழக்கம்போல லின்னும் சி ஹாங்கும் ஒரு பை ஆரஞ்சோடு கிளம்பினார்கள். சினிமாவாம். சினிமாவுக்கு எதற்கு ஆரஞ்சு? குழந்தையைப் பார்க்கவா? இவளுக்கும் தெரியுமா?

ஆகஸ்ட் 20

மக் அம்மாளைத் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னேன். இறால் கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்ல நாய் வருஷத்துல பொறந்தது யாரு?"

கோப்பையைக் கீழே வைத்தார்.

"பெரியவன்."

"ஒரே பையன்னு சொன்னீங்க."

"இருபது வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன்." இருபத்திரண்டு வயதில் புத்தி பிசகிவிட்டதாம். சி கியூன் என்று பெயர். மனநலக் காப்பகத்தில் இருக்கிறானாம். "கல்யாணத்துக்கெல்லாம் கூட்டிட்டு வர மாட்டேன், பயப்படாதீங்க. ஆனா தம்பி கல்யாண நாளு அவனுக்கு ஆகாத நாளா இருக்கக்கூடாதுல்ல?"

கொழுக்கட்டையை அவர் தட்டில் வைத்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21

நேற்று இரக்கப்பட்டேன். இன்று பயமாக இருக்கிறது. நாளை பேரன் பேத்திக்கு வந்தால்? இன்னும் என்னென்ன மறைக்கிறார்கள்?

லின்னிடம் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"தெரியும்மா. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை அங்கதான் போறோம்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கல்யாணமே வேணாம்னுடுவ."

சொல்லியிருப்பேன். இப்போதும் சொல்லலாம். ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 3

மிச்சமிருந்த டிசம்பர் 15-க்குச் சரி என்றேன். மனதில் முழுச் சம்மதம் இல்லை. இங்கே பொய் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 22

அவர்களோடு நானும் காப்பகத்துக்குப் போனேன். நிலாப் பண்டிகையில் மிஞ்சிய, முட்டைக்கரு வைத்த நிலா கேக் கொண்டுபோனேன். சி கியூனுக்கு நரைத்த தலை, சுத்தமாக வெட்டிய நகங்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைத்தான். எப்போது என்ன செய்வாரோ என்று பையை மடியிலேயே வைத்திருந்தேன். அவர் கேக்கை நாலாக வெட்டி, முட்டைக்கரு அதிகம் இருந்த துண்டை எனக்குத் தந்தார்.

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், அத்தை" என்றார்.

பையைக் கீழே வைத்தேன். திரும்பும் வழியெல்லாம் லின்னின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 16

கல்யாணம் முடிந்தது. இன்னும் கால் வலிக்கிறது.

சி கியூனை லின்னும் சி ஹாங்கும் கூட்டி வந்திருந்தார்கள். குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டபோது அவர் தானாகவே சுவரோரம் ஒதுங்கிவிட்டார். மக் அம்மாள் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. படம் எடுப்பவர் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க, இன்னும் ஒருத்தர் வரணும்" என்று சொல்லி, நான் என் வீட்டுக்காரரை இடித்து நகர்த்தினேன்.