கன்னத்தில் இல்லாத புள்ளி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் என் பேத்தி சின்னவளும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நாங்கள் மூவரும் சுகம், என் மூக்குக்கண்ணாடிகள்தான் சுகமில்லை. புதியது பழையது இரண்டிலிருந்தும் வில்லைகளைக் கழற்றிவிட்டாள் உன் தங்கை. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள், நடுவில் புத்தக வாடை அடித்தால் அது நான் இல்லை என்று தெரிந்துகொள்.

நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உன்னிடம் சொல்லவும் இல்லை. குறைமாதத்தில் பிறந்தவள், எடை ஏறினால்தான் பெட்டியை விட்டு எடுப்பார்கள் என்பதெல்லாம் புரிகிறது. ஆனால் முகத்தில் ஒரு கரும்புள்ளி, முதல் படத்தில் கண்ணுக்குக் கீழே, அடுத்ததில் காதோரம். பரவுகிறது என்றே நினைத்தேன். போனில் கேட்டதற்கு ஒண்ணுமில்லம்மா என்றாய். சின்ன வயதில் கையை உடைத்துக்கொண்டு வந்து நின்றபோதும் இதையேதான் சொன்னாய். உன் தங்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அக்கா கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி நின்னு ரெண்டாவதை எடுத்திருக்கா, பாப்பா அசையவே இல்ல, இது ஜோடிப்படம்மா என்று குதித்தாள். நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்றே வேறு வேறாகப் பார்க்கின்றனவாம், மூளை இரண்டையும் சேர்த்துத்தான் எது கிட்டே எது தூரம் என்று கண்டுபிடிக்கிறதாம். புகைப்படம் ஊரறிய வருவதற்கு முன்பே ஒருவர் கையால் வரைந்த ஜோடிப்படங்களைக் காட்டினாராம், கேமரா வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் ஜோடிப்படம் பார்க்கும் வில்லைப் பெட்டியை வைத்துக்கொண்டு போகமுடியாத ஊர்களையெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தார்களாம். அக்கா ஊரும் நாம போகமுடியாத ஊர்தானே என்றாள்.

அப்பா தன் அச்சகத்திலேயே அளவாக அச்சிட்டு ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தார். உன் தங்கை அந்தப் பெட்டியைச் செய்தாள்: செருப்புப் பெட்டியில் இரண்டு துளை, துளைக்கு என் மூக்குக்கண்ணாடியின் இரண்டிரண்டு வில்லை, நடுவே ஒரு தடுப்பு. முதலில் பார்த்தவள் நான்தான். பிள்ளையின் மூக்கு உள்ளே போயிருந்தது, புள்ளி கன்னத்தைத் துளைத்துக்கொண்டு எங்கோ ஆழத்தில் கிடந்தது. உன் தங்கை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா, இடத்தையும் வலத்தையும் மாத்தி ஒட்டியிருக்கீங்க, மேடெல்லாம் பள்ளமாயிடுச்சு என்று தலையில் அடித்துக்கொண்டாள். அச்செழுத்தை இடம்வலம் மாறியே படித்துப் பழகின மனுஷன், வேறென்ன செய்வார். நடுவே வெட்டி மாற்றி ஒட்டினோம். அப்புறம் பார்த்தேன் பார், மூக்கு எழுந்து வந்தது, உன் மூக்கேதான். மூடிய விரல்கள் போர்வைக்கு மேலே உருண்டையாக நின்றன. புள்ளி கன்னத்தில் இல்லையடி. முகத்தை விட்டுத் தள்ளி, எனக்கும் அவளுக்கும் நடுவே, அந்தரத்தில் தனியாக நின்றது. பெட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெறும் அழுக்கு. நான் உள்ளே விரலை விட்டுச் சுரண்டப் போனேன், அடியே படத்தைக் கிழிச்சுடாத என்றார் அப்பா, சொல்லிவிட்டு அவரும் அதையேதான் செய்தார். இந்த ஒரு தடவை உன் ஒண்ணுமில்லம்மா நிஜமாகவே ஒண்ணுமில்லைதான். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பெட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்காதே, ஒரு நாற்காலி கேட்டு வாங்கு. அடுத்த முறை அவள் தூங்கும்போது, உன் எடையை இடது காலில் போட்டு ஒரு படம், வலது காலுக்கு மாறி ஒரு படம் எடு. எது இடது என்று எழுதியும் அனுப்பு, அப்பாவை நம்பமுடியாது. சின்னவள் சீக்கிரம் தேறி உன் மடிக்கு வரட்டும், வயிறும் மனசும் நிறைந்து நீண்ட காலம் இருக்கட்டும், நீயும் அப்படியே. மறக்காமல் நர்ஸிடம் சொல்லி அந்தக் கண்ணாடியைத் துடைக்கச் சொல். துடைத்த பிறகு எடுக்கும் படத்துக்காகத்தான் அட்டையை வெட்டி வைத்திருக்கிறோம்.

மூக்குக்கண்ணாடி இல்லாமல் காத்திருக்கும்
உன் அம்மா