ஆறு எண் போடும் நேரம்

இல்லை, தெரியாது என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? உன் போனின் ஆறு எண்கள் எனக்கு உண்மையாகவே தெரியாது. மூன்று வருடம் உன் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு.

உன் அம்மா நம்பவில்லை.

நீ இறந்து நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள். பேகம்பூரில் உன் வீடு. பீரோவிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்து வந்து என் மடியில் வைத்தார். உன் போன். பிரித்ததும் வாசனை. ரிப்பேர் கடையில் நீ போன் போர்டு துடைக்கிற ஸ்பிரிட். இத்தனை நாளில் அது போயிருக்க வேண்டும். எனக்கு மட்டும்தான் அடித்ததோ என்னவோ.

"நீ ஒருதரம் போட்டுப் பாரு புள்ள. நீ போட்டா தொறந்துக்கிரும்."

உன் அண்ணன் எட்டு முறை போட்டுப் பார்த்துவிட்டார். உன் பிறந்த நாள், அத்தாவின் பிறந்த நாள், வண்டி நம்பர். பத்தாவது முறையும் தவறினால் எல்லாம் அழிந்துவிடும்படி வைத்திருந்தாய். மிச்சம் இரண்டு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு கடைக்கும் கொண்டுபோயிருக்கிறார். அழித்துத் தரலாம், திறக்க முடியாது என்று சொன்னார்களாம். நீ போட்ட பூட்டாயிற்றே. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீட்டில். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். காந்திகிராமத்து விடுதியில் என் போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. திண்டுக்கல்லில் பெண் ஒருத்தி ரிப்பேர் செய்கிறாள், போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று அறைத்தோழி சொல்லி உன்னிடம் வந்தேன். கடை நிறைய ஆட்கள். போனை நீட்டிக்கொண்டே, "லாக் நம்பர் ரெண்டு, அஞ்சு..." என்று ஆரம்பித்தேன்.

நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டாய்.

"ஏ, நிறுத்து நிறுத்து! என்ன படிக்கிற?"

"எம்.ஏ."

"வெளங்கிரும். மொதல்ல நம்பர மாத்து. எங்கிட்ட சொன்ன நம்பரு இனி உன் நம்பரு இல்ல."

போன் காய்ந்து உயிர் வந்ததும் என்னையே எண்ணைப் போடச் சொன்னாய். நான் போடும்போது நீ சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாய். சும்மா ஒப்புக்கு இல்லை. தலையை முழுக்கத் திருப்பி, தேதி படிக்கிறவள் மாதிரி. யார் வந்தாலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது காலண்டரைப் பார்த்திருப்பாய். அமாவாசை, முகூர்த்த நாள் எல்லாம் உனக்கு மனப்பாடம். பூக்காரம்மா கார்த்திகை என்றைக்கு என்று உன்னிடம்தான் கேட்டுப் போவார்.

குஜிலியம்பாறை அண்ணன் ஒருவர் வருவார். நிலக்கடலை பயிரிடுகிறவர். போன் உறைக்குப் பின்னால் மார்க்கர் பேனாவில் லாக் எண்கள் நான்கையும் பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

"வீட்டுச் சாவிய வாசக்கதவுலயே தொங்க விட்டுட்டு வருவீகளாண்ணே?"

"ஆமா. எங்க ஊர்ல அப்படித்தான்."

நீ அசந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் செத்த நேரம் கழித்து, "அப்ப ஊர்லயே வச்சுக்கங்க. போன் ஊரு விட்டு ஊரு வருதுல்ல" என்று ஸ்பிரிட்டை எடுத்து நீயே அந்த எண்களைத் துடைத்தாய். கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாய். அதற்குள் கடையில் இருந்த எல்லோரும் படித்துவிட்டிருந்தார்கள்.

இன்னொருவர் போனில் டார்ச் செயலி ஒன்று தொடர்பு எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. "வெளிச்சம் அடிக்கிறதுக்கு எதுக்குண்ணே உங்க மாமியா நம்பரு?" கடையே சிரித்தது. இப்போதும் எந்தச் செயலி எதைக் கேட்டாலும் எனக்கு உன் குரலில் இதுதான் கேட்கிறது.

சிரிக்காத நாள் ஒன்று உண்டு. முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர், ரோஜா நிற உறை போட்ட போனோடு வந்தார். லாக் எடுக்க வேண்டும்.

"போன் யாருதுங்க?"

"தங்கச்சிது."

"அவங்கள கூட்டிட்டு வாங்க."

"நான் அவ கூடப்பிறந்த அண்ணன்."

"சரிண்ணே. அவங்க வரட்டும்."

வேறு கடைக்குப் போவதாகச் சொன்னார். போங்க என்றாய். பொம்பள கடை வச்சா இப்படித்தான் என்றார். அவர் போன பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாய். கீழே வைத்துவிட்டு டீ சொன்னாய்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்து கண்ணாடி ஒட்டச் சொன்னாள். ரோஜா நிற உறை. ஒட்டி முடிக்கும் வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசு கொடுத்தாள். போய்விட்டாள். அவளா, வேறொருத்தியா? நாம் பேசிக்கொள்ளவில்லை.

நீ உன் போனைத் திறக்கும்போது நானும் காலண்டரைப் பார்க்கப் பழகியிருந்தேன். அதை நீ கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. ஆனால் கேட்டிருக்கிறேன். நான்கு தட்டு, சின்ன இடைவெளி, இரண்டு தட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உன் பூட்டு.

மடியில் போன். மிச்சம் இரண்டு. நான்கு, இரண்டு என்று கட்டைவிரல் தானாக அசைந்தது. முதல் நான்கு எண்கள் ஏதோ ஒரு வருடமாக இருக்கலாம். நான் உன் கடைக்கு வந்த வருடமாகக்கூட இருக்கலாம். இந்த ஆசை எவ்வளவு அற்பமானது என்று உனக்குப் புரியும். விரலை மடக்கிக்கொண்டேன்.

"தெரியாதும்மா."

"அவதான் உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாளே."

"இத மட்டும் சொல்லல."

அம்மா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அதுக்குள்ள ஒண்ணும் பாக்க வேணாம் புள்ள. அவ கொரலு கேக்கணும். அம்புட்டுத்தான். நாப்பது நாளு ஆச்சு, எனக்கு அவ கொரலு மறந்து மறந்து போகுது."

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் நீ பேசியது எதுவும் தங்கவில்லை.

என்னிடம் இருக்கிறது. நீ தட்டச்சு செய்யச் சோம்பேறி. எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவாய். பெண் பார்க்க வந்த ஆயக்குடி மாப்பிள்ளை கொய்யாவைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார் என்று நீ சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிய நான்கு நிமிடம். சூடான சாலிடர் கம்பி சுட்டு நீ கத்தியது. மழை. பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை.

கடைசியாக மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒன்று. பதினோரு விநாடி. "பயமா இருக்குடி. அம்மாகிட்ட சொல்லிறாத."

அதை உன் வீட்டுக்கு வரும் முன்பே, பேருந்தில், தனியாக எடுத்து வேறொரு பூட்டுக்குள் வைத்துவிட்டேன். மற்றவற்றோடு அது இல்லை. தவறி விரல் பட்டாலும் ஓடாது. உன் போனுக்குள் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. இந்தப் பதினோரு விநாடியை மட்டும் நான் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன். அம்மா கேட்டாலும்.

உன் போனைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றினேன். "இனி யாரும் நம்பர் போட வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்." அம்மா தலையாட்டினார். என் போனை எடுத்தேன்.

நான் எண்ணைத் தட்டப்போனபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் வீட்டிலும் சுவரில் ஒரு காலண்டர். தலையை முழுக்கத் திருப்பி, தேதி படிக்கிறவர் மாதிரி. மதியம் உனக்குச் சோறு கொண்டுவந்துவிட்டு கடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பாரே, அப்போது நீ செய்வதைப் பார்த்திருக்க வேண்டும்.

"தொறந்துருச்சா?" என்று காலண்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"தொறந்துருச்சும்மா."

கத்திரிக்காய் பற்றிய செய்தியை ஓடவிட்டேன். "இன்னைக்கி எங்கம்மா கத்திரிக்கா வெஞ்சனத்துல உப்பே போடலடி. சொன்னா கோவிச்சுக்கும். சத்தமில்லாம தின்னுட்டேன்."

"போட்டேன்டி" என்றார் அம்மா, என் போனைப் பார்த்து. "கம்மியாப் போட்டேன்."

நான் அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.