ஆறு வயது நிரம்பிய

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

உன் வீட்டைப் பற்றிக் கல்வி அலுவலகத்துக்கு நான் மொட்டைக் கடிதம் போட்டேன் என்று பேச்சு அடிபடுகிறதாம். உன் சித்தி நேற்று வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "அக்கா, நீங்க அப்படிச் செய்வீங்களா?" என்று கேட்டாள். செய்வேன் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. ஆகவே எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் யார்மீதும் புகார் எழுதியதில்லை. எதை எழுதினாலும் கீழே கையெழுத்தும் மேலே தேதியும் போடுவேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் ஒழுங்கு அது.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லைதான். அதை உன் முகத்துக்கு நேரே சொன்னேன், மாப்பிள்ளை இருக்கும்போதே சொன்னேன். பிடிக்காததைச் சொல்வது வேறு, காட்டிக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவளாக உன்னை நான் வளர்க்கவில்லை.

நான்கு நாளாக நீ ஃபோனை எடுக்கவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கழுவுகிறேன்.

அதிகாரி பதினான்காம் தேதி வருகிறார் என்று சித்தி சொன்னாள். அப்படியென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேரமில்லை. இத்துடன் ஒரு கால அட்டவணை வைத்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது, சுவரில் ஒட்டிவிடு. எட்டு வயதையும் ஆறு வயதையும் இரண்டரை வயதையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் பாடம் அல்ல, சந்தை. காலை எட்டரைக்கு மணி அடிக்க வேண்டும். மணி இல்லையென்றால் ஒரு டம்ளரும் கரண்டியும் போதும். மூத்தவனுக்கு முதலில் கணக்கு. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற அந்த வக்கீலுக்கு வாதாட இடமில்லாத பாடம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் நடுக்குட்டி எழுத்துப் பயிற்சி செய்யட்டும். அரைமணிக்கு ஒருமுறை மாற்று. சின்னவன் பூகம்பம் பத்து மணிக்குத் தூங்கியாக வேண்டும். அவன் விழித்திருக்கும் வீட்டில் எந்தப் படிப்பும் நடக்காது.

போன மாதம் வந்தபோது சமையலறை மேஜையில் ஒரு சுற்றறிக்கையை விட்டுப் போனாய். படித்தேன். ஓர் அலுவலகம் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் இத்தனை பிழைகள் இருக்கக் கூடாது.

நடுக்குட்டி இப்போது பேசுகிறாளா?

அன்புடன்,
அம்மா


மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தத் தாளின் பின்பக்கம் வக்கீலின் பெருக்கல் கணக்கு இருக்கிறது. அதைத் திருத்தாதீர்கள், நான் திருத்திவிட்டேன்.

மொட்டைக் கடிதம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் சித்தியிடம் சொன்னேன். அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தது சித்தி. ஃபோனை எடுக்காதது கோபத்தால் அல்ல. இவர் வெளியூர் வேலைக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது, பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

நடந்தது இதுதான். நீங்கள் படித்த அந்தச் சுற்றறிக்கையில், வீட்டில் படிக்கும் பிள்ளைகளில் "ஆறு வயது நிரம்பாத" மாணவர்களை அதிகாரி நேரில் வந்து ஆய்வு செய்வார் என்று இருந்தது. நடுக்குட்டிக்கு ஐந்து வயதாக இருந்தவரை யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்று நான் பயந்து கிடந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் அந்தப் பள்ளியில் ஏழு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வருவாள். "உங்க பொண்ணு ஊமையா?" என்று அந்த டீச்சர் அவள் எதிரிலேயே கேட்டார். அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன். அவளை மட்டும் நிறுத்தினால் தண்டனை போலத் தெரியும் என்று வக்கீலையும் நிறுத்தினேன். பிப்ரவரியில் அவளுக்கு ஆறு நிரம்பியது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதிகாரி ஃபோன் செய்தார். தாளில் இருந்தது அச்சுப் பிழையாம். "நிரம்பிய" என்று இருந்திருக்க வேண்டுமாம். அக்கறையுள்ள யாரோ ஒருவர் சுட்டிக்காட்டினாராம். பதினான்காம் தேதி வருகிறார். இரண்டு பிள்ளைகளும் அவர் கேட்கும் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஜூனில் பள்ளி.

அட்டவணை கிடைத்தது. அழகாக இருக்கிறது. ஆனால் என் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். எட்டரைக்கு நான் கணக்கைத் திறந்தால் பூகம்பம் சாக்பீஸைத் தின்கிறான். அவன் வாயைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் வக்கீல், "பூஜ்ஜியத்தால பெருக்கினா எல்லாம் எங்கம்மா போச்சு? அது நியாயமா?" என்று வழக்குப் போடுகிறான். நேற்று நீளம் அளக்கும் பாடத்தைச் சமையலறையில் நடத்தினேன். கதவு, அலமாரி, கடைசியில் தம்பி என்று எல்லாவற்றையும் அளந்து எழுதினான். நடுக்குட்டி பெரும்பாலும் மேஜைக்கு அடியில். பூகம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு எதையோ கிசுகிசுக்கிறாள். நான் குனிந்தால் நிறுத்திவிடுகிறாள். அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து என்னிடமும் பேச்சு குறைந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

உங்கள்,
மகள்


மார்ச் 9

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓர் இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய், பரவாயில்லை.

ஏதோ ஒரு சொல்லை யாரோ திருத்தியதாக எழுதியிருக்கிறாய். அதிகாரி அதை வாயால் சொன்னாரா, தாளைக் காட்டினாரா? எந்தத் தாள் என்று சொன்னாரா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அது போகட்டும். இப்போது நாட்களை எண்ண வேண்டும், ஐந்துதான் இருக்கின்றன. அதிகாரி ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது ஒழுங்கை. பிள்ளை மேஜைக்கு அடியில் இருப்பதை அவர் பார்க்கவே கூடாது. அந்தப் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்து. நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, முழு வாக்கியத்தில் பதில். தினமும் பத்து முறை பழக்கு. பூகம்பத்தைப் பதினான்காம் தேதி காலையில் சீக்கிரமே எழுப்பிவிடு, அப்போதுதான் பத்து மணிக்கு அயர்ந்து தூங்குவான். அவனை உள் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடு. மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

நான் கிளம்பி வரட்டுமா? முட்டி வலி பெரிதில்லை. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் வந்துவிடுவேன்.

தூக்கம் சரியாக இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் யாரிடமாவது பேசி இதைத் தள்ளிப் போட்டிருப்பார். எனக்கு யாரிடமும் போய் நிற்கத் தெரியாது. எழுதத்தான் தெரியும்.

அன்புடன்,
அம்மா


மார்ச் 16

அம்மாவுக்கு,

அவர் வந்து போனார்.

எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது; உங்கள் கோடு போட்ட தாளைப் பிடித்துக்கொண்டேன். பூகம்பத்தை ஐந்தரைக்கு எழுப்பினேன். பத்துக்கு அவன் தூங்கினான், கதவைச் சாத்தினேன். இரண்டு பேரும் தலை சீவி, நாற்காலியில்.

அவர் கெட்டவர் இல்லை. குடையை வாசலில் வைத்துவிட்டு, குட்டி ஸ்டூலில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். வக்கீல் அவரிடம் பூஜ்ஜிய வழக்கை எடுத்தான். அவர் சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு நடுக்குட்டியிடம் ஓர் அட்டையைக் காட்டி, "பாப்பா, இது என்ன எழுத்து?" என்றார். எழுந்து நின்றாள். தினமும் பத்து முறை பழக்கியபடி நேராக நின்றாள். அவ்வளவுதான். அவர் அட்டையை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். கடைசியில் தரையில் ஈரம் பரவியதை முதலில் பார்த்தது வக்கீல். "தண்ணி கொட்டிருச்சு, நான்தான் கொட்டினேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப் போய்த் துணி எடுத்து வந்தான். அவன் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் ஏழாம் தேதி மறுபடி வருவாராம். அன்றும் அவள் பேசவில்லையென்றால் பள்ளியில் சேர்க்கப் பரிந்துரை எழுதுவதைத் தவிர அவருக்கு வழியில்லையாம்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு உள்ளே பூகம்பம் அழுதான். நான் போவதற்குள் அவள் போய்விட்டாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அழாதடா. அந்த மாமா போயிட்டாரு. இங்க பாரு, இது க. நீ சொல்லு, க. இது ங, இத யாருமே கூப்பிட மாட்டாங்க, பாவம், நாம கூப்பிடலாம்." முழு வரிசையும் சொன்னாள், அம்மா. அந்த அட்டைகளில் இருந்தது எல்லாமே. மேஜைக்கு அடியில் இத்தனை நாள் நடந்தது அதுதான். அவள் பேசுகிற ஒரே ஆளை நான் தூங்க வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. அவர் ஃபைலைத் திறந்தபோது சுற்றறிக்கை மேலேயே இருந்தது. "நிரம்பாத" என்பதில் கடைசி இரண்டு எழுத்தை அடித்து, மேலே "பிய" என்று சிவப்பு மையில். ஓரத்தில் "அச்சுப் பிழை" என்று எழுதியிருந்தது. அந்த "ழை"யின் வாலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ஹாஸ்டலில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வர வேண்டாம். அட்டவணையும் அனுப்ப வேண்டாம். கொஞ்ச நாளைக்குக் கடிதமும் வேண்டாம்.

மகள்


மார்ச் 20

அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இந்த ஒன்றை மட்டும் படி.

நான்தான் அனுப்பினேன். அந்தத் தாளில் பன்னிரண்டு பிழைகள் இருந்தன, பன்னிரண்டையும் திருத்தினேன். அதோடு ஒரு குறிப்பு வைத்தேன்: மூன்று பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் என் மகளுக்கு இப்படியொரு தாளைத் தரலாமா என்று. உன் தெருவும் கதவு எண்ணும் எழுதினேன், சரியான தாளை உனக்கு அனுப்பட்டும் என்று. கையெழுத்தும் தேதியும் போட்டேன். புகார் எழுதவில்லை என்று உனக்கு எழுதியபோது அது உண்மை என்றே நம்பினேன். அந்தப் பிழைக்குள் நீ பத்திரமாக இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு பிழையில் ஒரு குழந்தை ஒளிந்திருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒன்பதாம் தேதி, எந்தத் தாள் என்று கேட்டிருந்தேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தெரியாதவள்போல் கேட்டேன். அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் என் அட்டவணையையும் நீ தூக்கிப் போட்டிருப்பாய். குழந்தை அப்படி நின்றிருக்க மாட்டாள். மேஜைக்கு அடியில் கிசுகிசுக்கிறாள் என்று உன் கையாலேயே எழுதியிருந்தாய். நான் அதில் விட்டுப்போன ஒற்றைத்தான் பார்த்தேன்.

ஹாஸ்டல் என்று எழுதியிருந்தாய். நீ அங்கிருந்து எனக்கு எழுதிய கடிதங்களைத் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன். பதினோரு கடிதம். அதற்குப் பிறகு நீ எழுதவில்லை. படிப்பு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் உனக்கே அனுப்பிவிட்டேன்.

அட்டவணை எதுவும் வைக்கவில்லை. ஏழாம் தேதி பூகம்பத்தைத் தூங்க வைக்காதே. அவன் எங்கே உட்காருகிறானோ அங்கேயே அவளும் உட்காரட்டும். அந்த மனிதருக்குக் கேட்க வேண்டுமென்றால் குனியட்டும். ஸ்டூலில் உட்கார்ந்தவர் தரையிலும் உட்காருவார்.

இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது. அந்த அதிகாரிக்கு நான் எழுதிய கடிதம். குழந்தை அன்று பேசாததற்குக் காரணம் தாயின் பாடமுறை அல்ல, வெளியிலிருந்து நான் திணித்த அட்டவணை என்றும், தம்பிக்கு அவள் சொல்லிக் கொடுப்பதைத் தூரத்தில் இருந்து அவர் கேட்டால் போதும் என்றும் எழுதியிருக்கிறேன். உறை ஒட்டவில்லை, தபாலிலும் சேர்க்கவில்லை. முன்பு உன்னைக் கேட்காமல் அனுப்பினேன். இதை உன்னைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன். வரி ஏதாவது தப்பாக இருந்தால் நீ அடித்துத் திருத்து. எந்த மையானாலும் சரி.

அனுப்பலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல். ஃபோனில் வேண்டாம், எனக்குப் பாதி காதில் விழுவதில்லை. எழுத்தில் பதில் போடு. இந்த முறை அதை என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

அம்மா