உன் காரும் உன் அம்மாவும்

அன்பு நர்ஸம்மாவுக்கு,

உன் டெய்லர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் கார். நீ விட்டுப்போன வண்டி புகைச் சோதனையில் தேறவில்லை. என்ஜினுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டின் கேஸ்கட் போய்விட்டதாம். மெக்கானிக் ஷெட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அடுத்த மாதம்தான் தொட முடியும் என்றார். அத்தையை வாராவாரம் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தால், மறுநாள் அவர்களால் எழுந்திருக்கவே முடிவதில்லை. கோட்டுக்கே காலர் மாற்றுகிறவனுக்கு ஒரு கேஸ்கட் மாற்றத் தெரியாதா என்று நானே இறங்கிவிட்டேன். சிரிக்காதே.

கழற்றியதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. மேனிஃபோல்டைச் சுற்றிப் பென்சில் தடிமனில் ரப்பர் குழாய்கள் போகின்றன; வேக்குவம் ஹோஸ் என்பார்கள். எது எங்கே என்று மறக்காமலிருக்கக் குழாய்க்கும் அதன் இடத்துக்கும் ஒரே கலரில் நூல் கட்டினேன். பிறகு, அழுக்கைப் போக்குகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். நூலெல்லாம் ஒரே கறுப்பு. என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த குழாய்ப் படமும் பாதி உரிந்துபோயிருந்தது. மிச்சத்துக்கு ரப்பரின் வளைவைத்தான் நம்பினேன். பல வருஷம் மடித்துவைத்த துணி பழைய மடிப்பிலேயே விழுமே, அதுபோல ஒவ்வொரு குழாயும் தன் இடத்துக்குத் தானே வளைந்து கொடுத்தது. இரண்டு மட்டும் ஒரே நீளம், ஒரே வளைவு. ஒன்று பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குப் போவது. இன்னொன்று புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் வால்வுக்குப் போவது. குத்துமதிப்பாக மாட்டினேன்.

ஸ்டார்ட் செய்தால் குளிர்ஜுரம் கண்டதுபோல வண்டி நடுங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓடியது, காலை எடுத்தால் அணைந்தது.

நம் கல்யாணத்திலிருந்து அன்றுவரை அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ போன பிறகு பூனையிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். "ஏய், காபி ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லு." பூனை தூங்கும், நான் போய்க் குடிப்பேன். அன்று ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சுவரைப் பிடித்தபடி மெல்ல வெளியே வந்தார்கள். பூனை அங்கே இல்லை.

"மாப்பிள்ளே, வண்டிய அணைச்சிடாதீங்க. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. குக்கர்ல ரப்பர் போனா வருமே, அந்த மாதிரி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் விரல் காட்டிய இடத்தில் தடவிப் பார்த்தேன். முழங்கை மாதிரி வளைந்த சின்ன ரப்பரில் ஒரு வெடிப்பு. புதிது வாங்கி மாட்டியதும் நடுக்கம் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு, ஒரே மாதிரி இருந்த அந்த இரண்டு குழாய்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"அந்த ரெண்டையும் இடம் மாத்தித்தான் பாருங்களேன். என்ன கெட்டுப்போச்சு?"

மாற்றினேன். என் தையல் மெஷினைவிடச் சீராக ஓடியது. "இதுக்கா இத்தனை நாளு?" என்றார்கள். பேச ஆரம்பித்ததும் திட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்!

சோதனையில் தேறிவிட்டோம். யார் வேலை பார்த்தது என்று அங்கிருந்தவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பதில் வந்தது: "நாங்க ரெண்டு பேருந்தான்."

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தையை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். புது மருந்து எதுவும் எழுதவில்லை. "பொண்ணு எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். வருஷக் கடைசியில் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வர முடியுமான்னு கேளுங்க" என்றார். டாக்டர்கள் எப்போது இப்படிப் பேசுவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று அத்தை கேட்கவே இல்லை. பாதி வழியில், "அவளுக்கு எதுவும் சொல்லாதீங்க மாப்பிள்ளே. ஊசி போடுற கை, நடுங்கக் கூடாது" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். மாமியார் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அதையும் நான் காப்பாற்றவில்லை.

வலி அதிகமில்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை. ரவிக்கைகளை மறுபடியும் பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மத்தியானத்தில் கொஞ்சம் தூங்குகிறார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. நீ சின்ன வயதில் பொம்மைக்குக் கட்டுப்போட்ட கதையை நேற்றும் சொன்னார்கள். நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் மேலதிகாரியிடம் நாளைக்கே பேசு. எந்த நாளானாலும், எந்த நேரமானாலும் விமான நிலைய வாசலில் நான் வண்டியோடு நிற்பேன். இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. கிளம்பி வா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் டெய்லர்