படிவத்தில் நான் மறைத்த வேலை

அன்புள்ள மகள் அபிராமிக்கு,

ஆமாம், கடிதம் வந்தது. வருமான வரி அலுவலகத்திலிருந்து, உன் பெயருக்கு. மூன்று வாரமாகிறது. நேற்று நீ போனில் கேட்டபோது இல்லை என்றேன். நானும் உன் அப்பச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கோத்தா கினபாலுவில் நீயும் அப்படியே இரு. மற்றதைக் கேள்.

இந்த வருடம் உனக்கு நேரமில்லை என்று சம்பளப் படிவத்தை அனுப்பி, இங்கே எல்லோருக்கும் வரிக்கணக்குப் பார்க்கும் கருப்பையா அண்ணனிடம் கொடுத்து வரிக்கணக்கைப் பதியச் சொன்னாய். நான் அதைக் கொடுக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். படிவத்தில் உன் வேலை அச்சாகியிருந்தது. விமானப் பணிப்பெண். கீழே, பறந்த மணிகளுக்கான அலவன்ஸ், சம்பளத்தைவிடப் பெரிய தொகை. அதைச் சொன்னால் எதற்கு என்று கேட்பார். இங்கே எல்லோருக்கும் நீ ஏர்லைன் ஆபீஸில் இருக்கிறாய். மூன்று வருடமாக அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணன் துண்டைப் பார்த்துச் சிரித்தார். என்ன ஆச்சி, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஓவர்டைம் பாக்குற பிள்ளைங்ககூட இதவிட கூட வாங்குதுங்கலா, என்றார். நானும் சிரித்தேன். அலவன்ஸுக்கும் வரி உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா. நிச்சயமில்லை.

ஏர்லைன் கொடுத்த கணக்கும் நாம் கொடுத்ததும் பொருந்தவில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அபராதம் வந்தால் உன் பெயரில்தான் வரும். நான் மறைக்க நினைத்தது உன்னை. தொகையும் உன்னோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

போன தீபாவளிக்கு அண்ணன் மனைவி பொன்னம்மை ஆச்சி யாரோ வீட்டுப் பெண்ணைச் சொல்லி, பிளேன்ல தண்ணி ஊத்திக் குடுக்குற வேலையாம்லா, அதுக்கா டிகிரி படிச்சா, என்றார். அப்போதும் சிரித்தேன். நீ அனுப்பிய பணத்தில் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு.

கால் வீங்கினால் உயர்த்தி வைத்துப் படு. வேலை முடிந்ததும் சுடுசோறு சாப்பிடு. வரி அலுவலகத்துக்குக் கொடுக்கும் பதிலின் நகல் அனுப்புகிறேன், பத்திரமாக வை. எத்தனை உயரத்தில் இருந்தாலும் நம் கோயில் தண்ணீர்மலையான் உன்னோடு இருக்கட்டும்.

உன் ஆத்தா,
ஜார்ஜ் டவுன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் படிவத்தை எடுத்துக்கொண்டு கருப்பையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். பொன்னம்மை ஆச்சியும் அங்கே இருந்தார். அவர் உள்ளே போகும்வரை காத்திருக்கலாமா என்று நினைத்தேன். காத்திருக்கவில்லை. படிவத்தை மேசையில் விரித்து, உன் வேலை இருந்த இடத்தில் விரலை வைத்து, சத்தமாக வாசித்தேன்.