ஆபரேஷனுக்கு முன் ஒரு படம்

6 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. இரண்டு மாடி இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன். வாய்ப் புற்று. வலப்பக்கத் தாடையில் பாதியை எடுத்துவிட்டு, கால் எலும்பை வைத்துத் தைப்பார்களாம். முகம் பழையபடி இருக்காது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்த மூஞ்சி இருக்கறப்பவே ஒரு படம் வேணும்டி. போன்ல வேணாம்லா. சாயங்காலத்துக்குள்ள குடும்ப குரூப்புல வந்துரும். ஆளாளுக்குக் கைகூப்புற பொம்மை போடுவாங்க. செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துரும்."

அலமாரி மேலிருந்து பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துத் தந்தாள். ஃபேக்டரி வேலைக்குப் போன காலத்தில் வாங்கியது. உள்ளங்கையில் அடங்கும். மூடியைத் தள்ளினால் போதும், தானே ஃபோகஸ் பண்ணும், தானே ஃபிலிம் சுற்றும். குடும்பத்துக் கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் எல்லாம் இதில்தான். எடுத்தவள் அவள் என்பதால் எந்த ஆல்பத்திலும் அவள் இல்லை. இத்தனை வருஷம் எனக்கு இது உறைக்கவே இல்லை.

வாங்க: பேட்டரி, ஃபிலிம், கஞ்சிக்கு அரிசி, ஸ்ட்ரா.

7 ஜூலை, திங்கள்

ஜூருவில் வேலை முடிந்து திரும்பும்போது பாலத்தில் ஒரே வண்டி ஜேம். கடை சாத்தும் நேரத்துக்குப் போய் பேட்டரியும் ஃபிலிமும் வாங்கினேன். போட்டதும் உள்ளே மோட்டார் முனகியது. திவ்யா (அக்கா மகள், பள்ளியில் படிவம் நான்கு) கைதட்டினாள். தேதி அடிக்கிற வசதியும் உண்டு, ஆனால் அதில் இந்த வருஷமே இல்லை. அணைத்துவிட்டேன்.

அக்கா கஞ்சி பாதிதான் குடித்தாள்.

8 ஜூலை, செவ்வாய்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து சின்னம்மா வந்திருக்கிறார். நாளை அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம்.

வீட்டுக்குள் இருட்டு என்று மூவரையும் வெளி வராந்தாவில் நிறுத்தினேன். அக்கா நீலப் புடவை, தலையில் பூ. அத்தான் இஸ்திரி போட்ட சட்டை. நடுவில் திவ்யா. கேமராவைக் கண்ணில் வைத்ததுதான் தாமதம், சின்னம்மா போட்டார் ஒரு சத்தம்.

"ஐயோ, மூணு பேரா நிக்காதீங்க! நடுவுல நிக்கறவங்களுக்கு ஆகாது. புள்ள, நீ வெளிய வா!"

"இதெல்லாம் எந்தக் காலத்துப் பேச்சு சின்னம்மா?" என்றேன்.

"எந்தக் காலமா இருந்தா என்ன? நாளைக்கு ஆஸ்பத்திரி போற வீடு. சும்மா இருடி."

திவ்யா விலகினாள். அவள் நின்ற இடம் அப்படியே காலி. கல்யாணமாகி இத்தனை வருஷம், ஆனாலும் பெரியவர் முன்னால் ஒட்டி நிற்க இரண்டு பேருக்கும் கூச்சம். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாருமே பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரிதான். "கிட்ட வாங்க அத்தான்" என்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நகரவில்லை.

மூன்று தடவை எடுத்தேன். அக்கா சிரித்தாள். வலிக்கும் என்று தெரியும். மூன்று தடவையும் சிரித்தாள்.

10 ஜூலை, வியாழன்

காலையில் உள்ளே போனவள், சாயங்காலம்தான் வெளியே வந்தாள். அடையாளமே தெரியவில்லை. திவ்யாவை உள்ளே விடவில்லை. அத்தான் சாப்பிடவில்லை.

பயமாக இருக்கிறது.

19 ஜூலை, சனி

வெயில் கொளுத்துகிறது. ஃபிலிமைப் பாதியிலேயே திருப்பிச் சுற்றிக் கழுவக் கொடுத்திருந்தேன். இன்று போனேன்.

கடைக்காரர் கவரை நீட்டாமல் தயங்கினார். "கோச்சுக்காதீங்க அக்கா. நீங்களே பாருங்க."

மூன்று படத்திலும் அக்கா மங்கல். அத்தான் மங்கல். இருவருக்கும் நடுவில், தூரத்து எதிர் பிளாக்கில் காயப்போட்ட துணிகள் மட்டும் அத்தனை தெளிவு. யார் வீட்டுப் பள்ளிக்கூடச் சட்டையோ, அதன் பாக்கெட் மடிப்புகூடத் தெரிகிறது.

"இந்தக் கேமராவுக்கு நடுவுல மட்டும்தான் கண்ணு. அங்க ஆள் இல்லன்னா தூரத்தப் புடிச்சிக்கும். ஆள் மேல வச்சுப் பட்டனப் பாதி அமுக்கணும். பச்சை லைட்டு வந்ததும், விடாமக் கேமராவத் திருப்பி எடுக்கணும்லா. ஃபிலிம் இருக்கு, மறுபடி எடுத்துக்கலாம்."

மறுபடி. அவருக்கு என்ன தெரியும். தலையாட்டி ஒரு ஃபிலிம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நகைக்கடை வாசலில் நின்று அழுதேன். காவலாளி தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

சின்னம்மா மேல் கோபம். அத்தான் மேல் கோபம். அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள், அதை என் கையாலேயே கெடுத்தேன்.

27 ஜூலை, ஞாயிறு

மழை இல்லை, மூட்டம். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள். கழுத்தையும் தாடையையும் துண்டால் மூடியே இருக்கிறாள். பேச்சு குழறுகிறது. கண்ணாடி பக்கம் போவதில்லை, அதைத் திருப்பி வைத்ததும் அவள்தான்.

படம் எங்கே என்று கேட்டாள். ஃபிலிம் கெட்டுப்போச்சு என்றேன்.

"பொய்." அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

மாடிக்குப் போய்க் கவரை எடுத்துவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் படத்துக்கே திரும்பி வந்தாள். தன் முகம் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். "மன்னிச்சிரு அக்கா" என்றேன். அத்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஃபிலிம்... இருக்கா?"

"இருக்கு."

துண்டை எடுத்தாள். தையல், வீக்கம், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட உதடு. கேமராவில் ஃபிலிமைப் போட்டேன். அத்தான் எழுந்து ஒதுங்கப் பார்த்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு ஒட்டி உட்கார வைத்தாள்.

"இதான் இனிமே என் மூஞ்சி," என்றாள், நிறுத்தி நிறுத்தி. "இதையாவது ஒழுங்கா எடு."