எழுத்தில் கேட்டவளுக்கு

உன் மகள் கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட் டின் ஒரு வாரமாக என் மேசைமேல் இருந்தது. "உம்மா அலமாரியில இருந்துச்சு ஆண்ட்டி. தூக்கிப் போட மனசு வரல" என்றாள். இன்று கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து திரும்பிய பிறகுதான் மூடியைத் திறந்தேன். நீ பேசியிருக்க வேண்டிய கூட்டம் அது. டின்னுக்குள் உன் பழைய ஹெட்செட். ஸ்பிரிட்டும் தேங்காயெண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாடை. காதுப் பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, தொலைபேசி நிலையத்தில் நாம் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்த காலை நேரங்கள் எல்லாம் அதில் இருந்தன. உடனே மூடிவிட்டேன்.

பிறகு மறுபடி திறந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை உன் பொருளை முன்னால் வைத்துக்கொண்டு சொல்வதுதான் முறை.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் வேலையில் முதல் நாளே நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று. இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும் கீயை மூடிவிட வேண்டும். அந்தச் சின்ன விசை திறந்திருந்தால் அவர்கள் பேச்சு நம் காதில் விழும், மூடினால் விழாது. மூன்று நிமிடம் ஆனதும் ஒருமுறை திறந்து நேரத்தைச் சொல்ல வேண்டும். காதல் பேச்சு வந்தால் மற்றப் பெண்கள் கொஞ்சம் தாமதித்துத்தான் மூடுவார்கள். நீ மாட்டாய். "பேச ஆரம்பிச்சாச்சு, நம்ம வேலை முடிஞ்சிச்சு" என்று கட்டைவிரலால் தட்டிவிடுவாய். கான்வென்டில் கன்னிகாஸ்திரீகள் என்னை ஒழுங்காக வளர்த்தார்கள் என்று நான்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்த நாளை நீ எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாய். தமிழ் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான் என்பதால் நம்மை மட்டும் மேற்பார்வையாளரின் அறைக்கு அழைத்தார்கள். டத்தோ கெராமட் சாலையில் ஒரு தையற்கடை. பிறையில் ஒரு தொழிற்சாலையில் தொழிற்சங்க வேலை பார்க்கும் ஒருவன் அங்கே வந்து ஈப்போவுக்குப் பேசுகிறான். என்ன பேசுகிறான் என்று எழுதித் தர வேண்டும் என்றார். அவர் தன் பெயரையும் சொல்லவில்லை, எந்த இலாகா என்றும் சொல்லவில்லை.

"உத்தரவு எழுத்துல இருக்கா சார்?" என்று நீ கேட்டாய்.

"இதுக்கெல்லாம் எழுத்தா தங்கச்சி?"

"எழுத்துல குடுங்க, செய்யலாமான்னு பாக்குறேன். இல்லன்னா முடியாது லா."

நீ கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாய். உனக்குத் தெரிந்த கதை அதோடு முடிந்தது. நீ போன பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "சுருக்கெழுத்துல பரிசு வாங்கினது நீங்கதானே? இந்த ஆபீஸ்லயே உங்க கையெழுத்துதான் சுத்தம்னாங்க" என்றார். பயந்து ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் கொஞ்சம் மதிப்பாக இருக்கும். பயப்படவில்லை. புகழ்ந்தார், நின்றுவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் உன் மீ கோரிங் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாய். "நம்ம ரெண்டு பேரும் மாட்டேன்னுட்டோம். என்ன பண்ணிருவானுங்க?" என்றாய். நான் சாப்பிட்டேன். என்ன செய்தார்கள் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. உன்னைக் கடலுக்கு அக்கரையில் இருந்த பட்டர்வொர்த் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். தினமும் ஃபெர்ரியில் போய் வந்தாய். என் நாற்காலி அதே இடத்தில் இருந்தது.

பதினோரு நாள் அந்தக் கீயை நான் மூடவில்லை. தையற்கடைக்கு வந்து பேசியவர் பெயர் அர்ச்சுனன். ஈப்போவில் கட்டிக்கொடுத்திருந்த தங்கையோடு பேசுவார். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, நீ அனுப்பிய முறுக்கு நமுத்துவிட்டது, மச்சானுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா. சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. வரிக்கு வரி அழகாக எழுதிக் கொடுத்தேன். பதினோராம் நாள், "சனிக்கிழம பைராம் தோட்டத்துக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். அதையும் எழுதினேன். அதற்குப் பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் வரவில்லை. அவருக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஈப்போவிலிருந்து அந்தத் தையற்கடைக்கு அழைப்பு வந்தது. நான்தான் இணைத்தேன். இந்தமுறை யாரும் கேட்கச் சொல்லவில்லை, ஆனாலும் கீயை மூட முடியவில்லை.

"அண்ணன் வரலியாண்ணே?" என்று அந்தத் தங்கை கேட்டாள்.

"வரலம்மா. சனிக்கிழம போனவருதான்" என்றார் தையற்காரர்.

பிறகு இருவரும் பேசவில்லை. ஃபோனையும் வைக்கவில்லை. அவர்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. மூன்று நிமிடம் ஆனது. நேரம் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். என் குரல் பிசிறில்லாமல் இருந்தது.

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. "இவ வாயிலிருந்து ஒரு ரகசியமும் வெளிய வராது" என்று சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் அந்தப் புதிய சட்ட வரைவை உன் பேரன் அச்செடுத்துக் கொடுத்தானே, நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தாய். யார் யாரோடு எப்போது, எங்கிருந்து பேசினார் என்பதை, அதிகாரி கேட்டால் ஃபோன் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். நீதிமன்ற ஆணை தேவையில்லை. "இதுல எழுத்துலங்கிற சொல்லே இல்லடி" என்றாய். பக்கத்து மேசையில் இருந்த உன் அண்டை வீட்டுக்காரர் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே குறுக்கிட்டார்.

"பேச்சயா கேக்கப் போறான்? எடமும் நேரமும்தானே. மோசடிக்காரனுங்கள அப்புறம் எப்படிப் பிடிக்கிறதாம்? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் லா."

"அப்படியா அண்ணே? உங்க ஃபோனத் திறந்து இந்த மேசையில வச்சிட்டுக் கைகழுவிட்டு வாங்க. நாங்க ரெண்டு கெழவிங்க என்ன பண்ணிரப் போறோம்?"

அவர் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். இடமும் நேரமும் என்ன செய்யும் என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சட்டத்தை எதிர்த்து நீ மனு எழுதினாய். "இந்தத் தொழிலில் இருந்த நாங்கள் இருவரும் யாருடைய பேச்சையும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கச் சொன்னபோது மறுத்தோம்." படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாய். இரண்டு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது; போட்டேன். அந்த வரியைத் தொடவில்லை. உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்குள் நீ போய்விட்டாய். மனுவைக் கவனித்துக்கொண்ட வழக்கறிஞர் யாமினி, உன் பேத்தி வயதுப் பெண், என் வீட்டுக்கு வந்தாள். உனக்குப் பதிலாக நான் பேச வேண்டுமாம். அவளிடம்தான் முதன்முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சுளிப்பாள், எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள்.

"ஆண்ட்டி, இது வேணாமே. அந்தப் பக்கம் இதையே பிடிச்சுக்குவாங்க. அப்பவே செஞ்சதுதானே, நாடு என்ன கெட்டுப் போச்சும்பாங்க."

"மனுவுல இருக்கிறது பொய்ம்மா."

"தெரியுது ஆண்ட்டி. ஆனா இறந்தவங்க எழுதினத நாம திருத்த முடியாது. நீங்க அந்த வரிக்குப் போகாம பொதுவா பேசிட்டு வந்துருங்க."

இன்று மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்றார்கள். எழுந்து நின்று, மனுவில் இருப்பது அதை எழுதியவள் வரையில் உண்மை, என் வரையில் பொய் என்றேன். அர்ச்சுனன் என்ற பெயரைச் சத்தமாகச் சொன்னேன். சனிக்கிழமை, பைராம் தோட்டம் என்ற இரண்டு விவரம் அவரைப் பிடிக்கப் போதுமாக இருந்ததையும், அவர் அம்மாவைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். மேசையில் மணி அடித்தது. தலைவர் கனிவான மனிதர். "நன்றி ஆண்ட்டி, அந்தக் காலத்து அனுபவம், ரொம்ப சுவையா இருந்துச்சு" என்றார். குறிப்பெடுத்த பெண்ணைப் பார்த்தேன். அவள் பேனா மூடியிருந்தது. அடுத்தவரை அழைத்தார்கள்.

யாமினி என்னைக் காரில் கொண்டுவந்து விட்டாள். கோபிக்கவில்லை. "பரவால்ல ஆண்ட்டி, எப்படியும் நிறைவேத்தத்தான் போறாங்க" என்றாள்.

உன்னிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். உன்னை மாற்றுவதற்கு முன் முதல் மூன்று நாள் நீ என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய். பக்கத்துக் கீ திறந்திருப்பது உன் கண்ணுக்குத் தப்பாது. பார்த்தாயா? பார்த்துவிட்டும் இத்தனை வருடம் என்னோடு சாப்பிட்டாயா? 'நாங்கள் இருவரும்' என்று எழுதியது என்னைக் காப்பாற்றவா, இல்லை, நானாக வாய் திறக்கிறேனா என்று பார்க்கவா? நீ பேனாவை நீட்டியபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. கையெழுத்து அழகாக விழ வேண்டும் என்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்செட்டைக் காதில் வைத்துப் பார்த்தேன். ரப்பர் இறுகிப்போயிருக்கிறது. ஒன்றும் கேட்காது என்று தெரியும். ஆனால் எனக்கு அந்த ஈப்போப் பெண்ணின் குரல் கேட்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அண்ணன் வரலியாண்ணே என்று அவள் கேட்ட வேளையில், அந்தக் கம்பியில் இருந்த மூன்று பேரில் பதில் தெரிந்தவள் நான் மட்டும்தான். நான் நேரத்தைச் சொன்னேன்.